முதல் தேதிக்கு வருகிறவள்

செத்துப் போனவர்களின் பணத்தை வாங்க உயிரோடு இருப்பவர்கள் படுகிற பாடு இருக்கிறதே, அதைப் பார்த்துப் பார்த்தே எனக்கு முடி நரைத்தது. கோயமுத்தூர் கருவூலத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் மடக்கு மேசை போட்டு மனு எழுதிக் கொடுப்பவன் நான். ஞானஸ்நானத்தில் ஜேக்கப், நான் குடியிருக்கிற கணபதிப் பகுதியில் எங்கள் வீதிக்கு ஜேக். கோடை வந்தால் எனக்கு அறுவடை. பென்ஷன் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒரு தரம் நேரில் வந்து, தாங்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறோம் என்று அதிகாரிக்கு முகத்தைக் காட்டிவிட்டுப் போக வேண்டும். கணவனையோ மனைவியையோ இழந்து குடும்பப் பென்ஷன் வாங்குகிறவர்கள் கூடுதலாக ஒரு வரி எழுதித் தர வேண்டும். நான் மறுமணம் செய்துகொள்ளவில்லை. அந்த ஒரு வரியை எழுதிக் கொடுத்தே எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது என்று சொன்னால் பொய்யில்லை.

அற்புதத்தை நான் முதலில் பார்த்தது தொண்ணூறாம் வருஷக் கோடையில். முப்பதைத் தாண்டியிருப்பாள். உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்புக் கூலிக்காரர் வீட்டில் பிறந்தவள். புருஷன் சாமுவேல் அமராவதி வாய்க்காலில் லஸ்கர். மதகைத் திறந்து மூடி, கரையைக் காவல் பார்க்கிற அரசாங்க வேலை. மஞ்சள் காமாலை அவரைக் கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகு மகள் டீனாவைக் கூட்டிக்கொண்டு அண்ணன் இருக்கிற கருமத்தம்பட்டிக்கு வந்து, விசைத்தறிக் கூடத்தில் நூல் சுற்றிப் பிழைத்தாள். எழுதப் படிக்கத் தெரிந்தவள். என் மேசைக்கு வந்து, "ஏனுங்கண்ணா, பேனா மட்டும் குடுக்கறீங்களா?" என்று கேட்டாள். பேனாவைக் கொடுத்தேன். என் வருமானம் போனது மட்டுமல்லாமல் மையும் போனது.

அன்றைக்கு என் எதிரில் உட்கார்ந்திருந்தவர் ஞானாபரணம். எங்கள் வீதிக்காரர்தான், எரிந்துபோன மோட்டாருக்குக் கம்பிச் சுருள் சுற்றிக் காயில் கட்டுகிற தொழில். அவர் மனைவி அன்புச்செல்வி அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து, நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே தன் நோயைப் பார்க்காமல் விட்டு இறந்துபோனவள். பிள்ளை இல்லை. மனைவியின் பென்ஷன் இவருக்கு வந்துகொண்டிருந்தது. தாமிரக் கம்பி சுற்றிச் சுற்றி இவர் விரல்கள் பேனாவுக்கு மடங்காது. நான் இன்னொருவரின் காகிதத்தில் மும்முரமாக இருந்தபோது, பக்கத்தில் நின்றிருந்த அற்புதம், "தாங்க, நான் எழுதித் தாரேன்" என்று வாங்கினாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. அடுத்த கோடையில் அவர் என் மேசைப் பக்கமே வரவில்லை. மரத்தடியில் நின்றுகொண்டு பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வந்தாள், வாங்கினாள், எழுதினாள். தன் காகிதத்தில் ஒரு தரம், அவர் காகிதத்தில் ஒரு தரம், மறுமணம் செய்துகொள்ளவில்லை என்று அதே குண்டு எழுத்தில். பிறகு இரண்டு பேரும் எதிர்க் கடையில் டீ குடிப்பார்கள். நடுவில் ஓர் ஆள் உட்காரலாம், அவ்வளவு இடம் விட்டு.

மற்ற நாட்களில் பார்ப்பதற்கு அவர்களுக்கு ஒரு காரணமும் கிடையாது. எங்கள் ஜனங்களுக்குக் காரணம் இல்லாமல் ஒருவரை ஒருவர் பார்க்கத் தெரியாது. ஏதாவது வேலையாக டவுனுக்கு வந்தால் அற்புதம் என் மேசைப் பக்கம் எட்டிப் பார்ப்பாள். "ஏனுங்கண்ணா, கணபதியில இப்பத் தண்ணி வருதுங்களா?" என்பாள். "கணபதியில மழைங்களா?" என்பாள். கருமத்தம்பட்டியில் இருக்கிறவளுக்குக் கணபதித் தண்ணீர் எதற்கு? எனக்குச் சிரிப்பாக வரும். "எல்லாரும் நல்லா இருக்கறாங்க அம்மணி, மோட்டார்க்காரரும்" என்று ஒரு நாள் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். போகும்போது பேனாவை விட்டுவிட்டுப் போனாள். அது அவளுடைய சொந்தப் பேனா.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் அவர் வாயைத் திறந்தார். வழக்கம்போல அவள் எழுதி முடித்து மூடியைப் போடும்போது, காகிதத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"உங்களுக்குச் சிரமமில்லீன்னா, அடுத்த வருஷம் இந்த வரிய எழுதாம உட்டுப்போடலாமுங்களா?"

என் மேசையில் இருந்து கை எட்டுகிற தூரம். ஒரு மனுஷன் ஒரு பெண்ணிடம் கல்யாணம் கேட்டு நான் கேட்டதில் இதைவிட மரியாதையான வாக்கியம் கிடையாது. அற்புதம் வெகுநேரம் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது. ஆசை இல்லாமல் இல்லை. அது முகத்திலேயே தெரிந்தது.

"டீனா டீச்சர் ட்ரெயினிங் போகோணும்னு இருக்கறாளுங்க," என்றாள். "அவங்கப்பா பணந்தான் அதுக்கு. நான் கட்டிக்கிட்டா அது நின்னு போயிருமுங்களே."

நான் சும்மா இருந்திருப்பேனா? குறுக்கே விழுந்தேன். "நிக்காது அம்மணி. உங்களுக்குத்தான் நிக்கும். பொண்ணு பேருக்குப் போகும். அதுக்குக் கல்யாணம் ஆகிற வரைக்கும், இல்லீன்னா வயசு வரம்பு முடியற வரைக்கும் வரும்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபமும் சந்தோஷமும் ஒன்றாக இருந்தன. இத்தனை வருஷமாகத் தன்னைக் கட்டிப்போட்டிருந்தது கயிறே இல்லை என்று தெரிந்தால் யாருக்குத்தான் அப்படி இருக்காது? பிறகு மெதுவாகக் கேட்டாள். "அவருக்குங்க?"

"அவருக்குக் குழந்தை இல்லியே. அதோட சரி."

ஞானாபரணம் தலையை ஆட்டினார். "எனக்குப் பணம் வேண்டாமுங்க. ரெண்டு மோட்டார் சேத்துக் கட்டுனா ஆச்சு. எங்க அத்தைதானுங்க."

அந்த அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மயிலாத்தாள், அன்புச்செல்வியின் அம்மா. வாலிபத்தில் சபைக்கு வந்து ஞானஸ்நானம் எடுத்தவள்; அப்போது வைத்த பெயர் அவளுக்கே ஞாபகமில்லை. காட்டு வேலை செய்து ஒற்றைப் பெண்ணை நர்ஸுக்குப் படிக்க வைத்தவள். மகள் போன பிறகு போக்கிடம் இல்லை. மருமகன் வைத்துக் காப்பாற்றினார். மாசம் முதல் தேதி அவர் பேங்கில் பென்ஷனை எடுத்து, கவரில் போட்டுக் கிழவியின் கையில் கொடுப்பார். அவள் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். "என்ற புள்ள வந்துட்டா" என்பாள். வீதிக்கே கேட்கும். அன்றைக்கு மகளுக்குப் பிடித்த கொள்ளுப்பருப்பு கடைவாள். மறுநாள் அந்தப் பணத்தை மருமகனிடமே திருப்பிக் கொடுத்து, மருந்து வாங்கச் சொல்வாள். பணத்தை அவள் எண்ணி நான் பார்த்ததில்லை. மாசத்தில் ஒரு நாள் மகள் அவளைப் பார்க்க வீட்டுக்கு வருகிறாள், அவ்வளவுதான் விஷயம்.

இது ஞானாபரணத்துக்குத் தெரியும். அதனால்தான் அத்தனை வருஷம் வாயைத் திறக்கவில்லை. இப்போது அவர் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு தன் கூலியில் இருந்து எடுத்து, அதே மாதிரிக் கவரில் போட்டு, அதே முதல் தேதியில் கொடுத்துவிடுவது. "அத்தைக்கு இந்த ரூலெல்லாம் தெரியாதுங்க" என்றார். அற்புதம் யோசித்தாள். "பொய்யில்லீங்களா?" என்றாள். "அவங்க மனசு நோகாம இருக்கறதுக்குத்தானுங்க" என்றார். சரி என்றாள்.

அத்தைக்குத் தெரியுமா தெரியாதா என்று அத்தையையே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எங்கள் பக்கத்து ஆட்கள் வந்தவரிடம் உடம்பு எப்படி, மாடு எப்படி, மழை எப்படி என்று ஆயிரம் கேட்பார்கள். கேட்க வேண்டிய ஒன்றை மட்டும், அவங்க மனசு என்னாகுமோ என்று, முழுங்கிவிடுவார்கள்.

அடுத்த வருஷம் ஓலை கொடுத்தார்கள். எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஆராதனையில் இரண்டு பேர் பெயரையும் ஆயர் வாசிப்பார். தடை இருந்தால் யாரும் எழுந்து சொல்லலாம். நான் பிறந்ததில் இருந்து அந்தச் சபைக்குப் போகிறேன். ஒருவரும் எழுந்து பார்த்ததில்லை. அந்த நேரத்தில் ஜனங்கள் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுவார்கள். முதல் ஓலை அன்றைக்கு அற்புதம் மகளோடு வந்திருந்தாள். மாம்பழ நிறத்தில் புதுச்சேலை. டீனாதான் எடுத்துக் கொடுத்தாளாம். அன்றைக்குத்தான் அவள் சிரித்து நான் முழுசாகப் பார்த்தேன்.

ஆயர் வாசித்தார். கணபதி ஞானாபரணம், மனைவியை இழந்தவர். கருமத்தம்பட்டி அற்புதம், கணவனை இழந்தவர். "இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதும் உண்டென்று அறிந்தவர்கள் இப்போதே தெரிவிக்கலாம்."

"இருக்குதுங்கய்யா."

பெண்கள் பக்கத்தில் இருந்து குரல். மயிலாத்தாள் முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"என்ற மாப்பிள்ளை தங்கமானவருங்க. அந்தப் புள்ளயும் நல்ல புள்ளைன்னு சொல்றாங்க. கட்டிக்கட்டும், நான் வேண்டாங்கல. ஆனா என்ற புள்ள மாசாமாசம் ஊட்டுக்கு வந்துட்டிருக்கறாளுங்க. இவிங்க கட்டுன அன்னைக்கு அது நின்னுபோகும். அவ செத்தப்பக் காகிதம் எழுதுன ஆபீஸ்ல எனக்கும் சொன்னாங்க, நானும் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். அப்பறம் நான் அவள எங்க போயிப் பாக்கறதுங்க?"

ஆயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனிதர், ஆனால் இதற்கு அவருடைய புத்தகத்தில் பதில் இல்லை. "அம்மா, இது சட்டப்படி தடை ஆகாதுங்கம்மா" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். ஞானாபரணம் ஆண்கள் பக்கத்தில் தலையைக் குனிந்தவர் நிமிரவில்லை. கவர் யோசனை அப்போதே செத்துப்போனது அவருக்குத் தெரிந்துவிட்டது.

எனக்கு அந்தக் கிழவி மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. போனவள் போய்விட்டாள், இருக்கிறவர்கள் வாழட்டுமே! எழுந்து கத்தலாமா என்று இருந்தது. அதற்குள் அற்புதம் எழுந்தாள். நேராகக் கிழவியிடம் போய், தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். பிறகு அங்கேயே நின்றபடி ஆயரைப் பார்த்துச் சொன்னாள்.

"அய்யா, நிறுத்திப்போடுங்க. இவிங்க இருக்கற வரைக்கும் இவிங்க புள்ள வந்துட்டுப் போகட்டுங்க."

டீனா, "அம்மா!" என்றாள். அற்புதம் திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் நான் அவளைத் திட்டினேன். மற்றவர்களுக்காக விட்டுக்கொடுத்தே வீணாகப் போகிற ஜாதி நீ என்றேன். அவள் சேலை முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு, "நானும் அப்படித்தானுங்கண்ணா" என்றாள். "பணம் வர்ற அன்னைக்கு நான் கருவாட்டுக் கொழம்பு வெப்பேன். டீனாவுக்கு ஆகாது, எனக்கும் ஆகாது. அவிங்கப்பாவுக்குத்தான் புடிக்கும். அவங்க சொல்றது எனக்குப் புரியாம எப்படிங்க போகும்?" மதில் ஓரமாகத் திரும்பி நின்று அழுதாள். ஞானாபரணம் கேட்டுக்கு அந்தப் பக்கம், கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டு, எங்களைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

கதை அத்துடன் முடிந்திருந்தாலாவது அவளுக்கு ஆறியிருக்கும். அடுத்த மாசம் கிழவி ஆள் அனுப்பினாள், அந்தப் புள்ளையை வரச் சொல்லுங்க என்று. அற்புதம் போனாள். கிழவி அவள் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஆம்பளை கையில வாங்கினா அது வெறுங்காசாத்தான் இருக்குது கண்ணு. இனி நீ குடு. பொம்பளைப் புள்ள கையால வாங்கோணும்" என்றாள். நெஞ்சழுத்தம் என்றால் அது நெஞ்சழுத்தம். நானாக இருந்தால் வந்த வழியே திரும்பியிருப்பேன். அற்புதம் சரிங்க என்றாள்.

பார்க்க ஒரு காரணம் கிடைத்துவிட்டதல்லவா!

அதில் இருந்து முதல் தேதி சாயங்காலம் அவள் கணபதிக்கு வருவாள். ஞானாபரணம் கவரை எடுத்து அற்புதத்தின் கையில் வைப்பார். அவள் கிழவியின் கையில் வைப்பாள். ஒரு டீ குடிக்கிற நேரம் இருப்பாள். கிழவிக்குத் தலை வாரி விடுவாள், நகம் வெட்டி விடுவாள், கொள்ளுப்பருப்பு கடைந்து வைப்பாள். அவர் பட்டறையில் கம்பியைச் சுற்றிக்கொண்டே வீட்டுக்குள் அவள் நடமாடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். அந்த நாட்களில் மட்டும் மோட்டார் ஒன்றுகூட முடியாது. அப்புறம் பஸ் ஏற்றிவிடுவார். மாசத்தின் மற்ற நாட்களெல்லாம் அந்த ஒரு டீக்காகத்தான் அவள் நூல் சுற்றினாள் என்று சொன்னால் அது மிகையில்லை.

தொண்ணூற்று ஏழில் டீனா கல்யாணமாகி உடுமலைப்பேட்டைக்குப் போனாள். வீட்டில் அற்புதம் தனி ஆள். நான் ஒரு நாள் வெட்கத்தை விட்டுச் சொல்லியே விட்டேன். ஓலையும் வேண்டாம், சபையும் வேண்டாம், பேசாமல் ஒரே வீட்டில் இருங்கள், எந்த ஆபீசர் வந்து பார்க்கப்போகிறான் என்றேன். "நாந்தானே அவருக்கும் எழுதித் தாரேன். என்ற கையாலயே பொய் எழுதச் சொல்றீங்களா?" என்றாள். அந்தக் கோடையிலும் எழுதினாள். இரண்டு காகிதத்திலும். அவள் கை எழுதும்போது அவர் கண் காகிதத்தில் இல்லை.

போன வருஷம் கிழவிக்கு ஞாபகம் தடுமாற ஆரம்பித்தது. காலையில் சாப்பிட்டதை மத்தியானம் மறந்தாள். என்னை யாரென்று கேட்டாள். அப்போதும் நான் அற்புதத்திடம் சொன்னேன்: "இனி அவங்களுக்கு என்ன தெரியப்போகுது அம்மணி? கூலிக் காசைக் கவர்ல போட்டுக் குடுத்தாலும் ஒண்ணுதான். கட்டிக்குங்க."

"அவங்களுக்குத் தெரியாதுங்கண்ணா. ஆனா நான் சபையில நின்னு சொல்லிப்போட்டேனே" என்றாள். கொஞ்சம் நடந்தவள் நின்றாள். "அவங்க எப்பப் போவாங்கன்னு நாங்க காத்துட்டிருக்கற மாதிரி ஆயிரக்கூடாதுங்க. அந்த நெனப்பு வந்துரக்கூடாதுன்னு தெனமும் ஜெபம் பண்றேன். வருதுங்கண்ணா. வந்தா அடுத்த மாசம் அவங்கள இன்னும் நல்லாப் பாத்துக்குவேன்."



இந்த மாசம் முதல் தேதி எங்கள் வீட்டு மின்விசிறி காயில் எரிந்துபோக, அதைத் தூக்கிக்கொண்டு ஞானாபரணத்தின் வீட்டுக்குப் போனேன். அற்புதம் அப்போதுதான் வந்திருந்தாள். அவர் கவரை எடுத்துக் கொடுக்க, அவள் கட்டிலோரம் உட்கார்ந்து கிழவியின் கையில் வைத்தாள். கிழவி கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு கவரை மடியில் போட்டுவிட்டு, கொடுத்த கையைப் பிடித்துக்கொண்டாள். உற்றுப் பார்த்தாள்.

"அன்பு. எப்ப வந்தே கண்ணு?"

அற்புதம் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். "இப்பத்தானுங்கம்மா" என்றாள்.

கிழவியின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. "மாப்பிள்ளை! உங்க பொண்டாட்டி வந்திருக்கறா பாருங்க. ஆஸ்பத்திரியில நின்னு நின்னு காலு வலிக்கும் அவளுக்கு. ஒரு டீ வெச்சுக் குடுங்க" என்றாள்.

ஞானாபரணம் உள்ளே போய் டீ வைத்தார். டம்ளரைத் துடைத்து அவளிடம் நீட்டினார். அற்புதம் குனிந்தபடியே குடித்தாள். நான் விசிறியைக் கீழே வைத்துவிட்டு நின்றேன்; கிளம்பவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை.

பஸ்ஸுக்கு நேரமானது. அற்புதம் பையை எடுத்தாள். கிழவி முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க கெளம்பறே? இது உன்ற ஊடுதானே கண்ணு?"

வாசற்படியில் ஞானாபரணம் செருப்பில் ஒரு காலை நுழைத்தவர் அப்படியே நின்றார். அற்புதம் அந்த வீட்டைச் சுற்றி ஒரு தரம் பார்த்தாள். அடுப்பு, கொடியில் காய்கிற அவர் சட்டை, கட்டில். பிறகு கிழவியின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, கையை மடியில் வைத்தாள்.

"டூட்டி இருக்குதுங்கம்மா. போய்ட்டு வாரேன்."

"எப்பப் பார்த்தாலும் டூட்டி," என்று கிழவி அலுத்துக்கொண்டாள். "மாப்பிள்ளையும் பாவம். எத்தனை நாளைக்குத்தான் அவரு தனியாவே இருப்பாரு?"

ஞானாபரணம் இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டு, அவள் பையை வாங்கிக்கொண்டு, பஸ் ஏற்றிவிட முன்னால் நடந்தார்.